அருவி காட்டுகிறவள்

ஷின்-கோபே ரயில் நிலையத்துக்கு அடியில் நுழைந்து பின்பக்கமாக வெளியே வந்தால் அங்கேயே மலை ஆரம்பித்துவிடும். தலைக்கு மேலே புல்லட் ரயிலுக்கான அறிவிப்பு கேட்டுக்கொண்டிருக்கும்போதே காலடியில் கல்படி, பக்கத்தில் ஓடை, மக்கிய இலையின் வாசனை. இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். நின்று, "இப்பதான் ஸ்டேஷன்ல இருந்தோம், அதுக்குள்ள காடு வந்துட்டு பாத்தீங்களா" என்று சொல்ல வேண்டும். சொன்னதும் வந்தவர்கள் திரும்பிப் பார்த்து வியந்து போனை எடுப்பார்கள். எடுத்து முடிக்கும்வரை சண்முகவடிவு கைப்பிடிச் சுவரோரமாக ஒதுங்கி நிற்பாள், படத்தில் விழாமல். கோபேக்கு வந்து ஒன்பது வருஷமாக இதே இடம், இதே வாசகம். மாமனார் மாமியாருக்குக் காட்டினாள், நாத்தனார் குடும்பத்துக்குக் காட்டினாள், அவள் வீட்டுக்காரர் சங்கரலிங்கத்தின் ஆபீஸில் யாருக்கு ஊரிலிருந்து யார் வந்தாலும் அவர்களுக்குக் காட்டினாள். ஒரு தடவை மேனேஜருடைய சகலைக்கு வேண்டியவர் என்று ஒரு மனிதர் கோட்டு சூட்டோடு வந்து நின்றார், அவருக்கும் காட்டினாள். அருவியின் பேர் நுனோபிக்கி, துணியை விரித்துப் போட்டது மாதிரி என்று அர்த்தம், மொத்தம் நாலு அருவி, முதலில் வருவது பெண் அருவி, கடைசியில் உச்சியில் இருப்பது ஆண் அருவி. இதைச் சொன்னதும் கூட்டத்தில் ஒரு ஆம்பிளை, பொம்பளை கீழே ஆம்பிளை மேலே, ஜப்பான்காரன் சரியாத்தான் வைத்திருக்கிறான் என்பார். ஒவ்வொரு தடவையும் ஒருவர் சொல்லுவார், தான்தான் முதலில் கண்டுபிடித்ததுபோல. வடிவு சிரிப்பாள். அந்தச் சிரிப்பு எந்தப் படியில் வரவேண்டும் என்று வாய்க்கே தெரியும். தென்காசிப் பக்கத்து ஆட்களாக இருந்தால், குளிக்க விடுவாங்களா என்று கேட்பார்கள். விடமாட்டார்கள், பார்க்க மட்டும்தான் என்றதும் முகம் விழுந்துவிடும். குளிக்க முடியாத அருவி என்ன அருவி, கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டுத் திரும்புவதற்கா இத்தனை படி என்று அவர்கள் வாய்விட்டுச் சொல்வதில்லை. அவர்களை மட்டும் வடிவுக்குக் கொஞ்சம் பிடிக்கும்.

இன்றைக்கு வந்திருப்பவள் ஹெப்சிபா. இவளுக்கு அந்த வாசகத்தைச் சொல்லக் கூடாது என்று வீட்டிலிருந்து கிளம்பும்போதே வடிவு முடிவு செய்திருந்தாள். ஆனால் ஸ்டேஷனைத் தாண்டி வெளியே வந்ததும் வாய் தானாகவே சொல்லிவிட்டது, காடு வந்துட்டு பாத்தியா என்று. ஹெப்சி மற்றவர்களைப்போலவே திரும்பிப் பார்த்தாள், மற்றவர்களைப்போலவே போனை எடுத்தாள், ஆனால், "நீயும் நில்லு, ஏட்டி" என்று கையைப் பிடித்து இழுத்துத் தன்னோடு சேர்த்து நிறுத்திக்கொண்டாள். அந்தக் கை குளிர்ந்து, மெத்தென்று இருந்தது. பாளையங்கோட்டையில் ஒரே வகுப்பில் படித்தவர்கள், ஒரே ஆராய்ச்சிக்கூடத்தில் ஒரே மேஜையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்தவர்கள். ஹெப்சி இப்போது அதே கல்லூரியில் உதவிப் பேராசிரியை. பாசிகளைப் பற்றி இந்த ஊரில் நடக்கிற மாநாட்டில் பேச வந்திருக்கிறாள். ஊரில் பச்சையாக வழுக்குகிற எல்லாவற்றுக்கும் பாசி என்றுதான் பேர். இவர்கள் படித்தது அதில் ஒரு இனம், வேரும் இல்லாமல் பூவும் இல்லாமல் ஈரப்பாறையைப் பற்றிக்கொண்டு கிடக்கிற விரல்நுனி உயரச் செடிகள். குற்றாலத்தில், செண்பகாதேவி அருவிக்கு மேலே போகிற வழியில், தண்ணீர் தெறிக்கிற தூரத்தில் மட்டும் வளர்கிற பாசிகள் என்பது வடிவு எடுத்துக்கொண்ட ஆராய்ச்சி. வடிவு எடுத்துக்கொண்டது. ஹெப்சி வேறு எதையோ எடுத்திருந்தாள், ஏதோ தானியம், அவளுக்கு அட்டை என்றால் பயம், மழைக்காட்டுக்குள் காலை வைக்க மாட்டேன் என்று அழாத குறையாகச் சொன்னவள். வடிவுதான் காலில் உப்பும் புகையிலையும் கட்டிக்கொண்டு, வனக்காவலர் ஒருவர் முன்னால் போக, மழையோடு மழையாக ஏறினாள். இன்றைக்கு யார் பாசிக்காரி? மாநாட்டு அட்டையைக் கழுத்தில் தொங்கப்போட்டுக்கொண்டு பின்னால் மூச்சு வாங்க ஏறி வருகிறவள்தான். இரண்டு வாரத்துக்கு முன்னால் இவள் கூப்பிட்டு, வாரேன், உன்னைப் பாக்கணும் என்றபோது வடிவுக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. சங்கரலிங்கம்தான் சோறு தின்றுகொண்டே தீர்த்துவைத்தான், அருவிக்குக் கூட்டிட்டுப் போ, எல்லாருக்கும் பிடிக்குமே.

பெண் அருவி வந்தது. பெரிய அருவி இல்லை, பாறைச் சரிவில் வெள்ளையாக வழிந்து ஒரு பச்சைக் குட்டைக்குள் சத்தமில்லாமல் இறங்குகிற தண்ணீர். ஹெப்சி அருவியைப் பார்க்கவில்லை. பாதையோரத்துப் பாறையைப் பார்த்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, முகத்தைப் பாறையில் ஒட்டுகிற மாதிரி குனிந்தாள். வடிவு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். ஒன்பது வருஷமாக அந்தப் பாறையைப் பார்க்காமல் தாண்டிப் போவதற்குப் பழகியிருந்தாள். தெருவில் கடன்காரனையோ, பெண் பார்த்துவிட்டுப் போன பழைய மாப்பிள்ளையையோ கண்டால் கடைப் பக்கம் திரும்பிக்கொள்கிற மாதிரி. "இது என்னதுன்னு தெரியுதா, ஏட்டி?" என்று கேட்டாள் ஹெப்சி. தெரியாது, எல்லாம் மறந்துபோச்சு என்றாள் வடிவு. மறந்துதான் போயிருந்ததா? அந்த லத்தீன் பேர் நாக்கின் அடியில் கிடந்து புரண்டது, மீன் முள் மாதிரி, துப்பவும் இல்லை விழுங்கவும் இல்லை. மறந்தது என்று சொன்னதில் ஒரு சுகம் இருந்தது. இவளுக்கு ஏன் சொல்ல வேண்டும், சொன்னால் இதையும் எழுதிக்கொள்வாள். நிலானி ஆறு மாசக் குழந்தையாக மடியில் பால் குடித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், ஒரு கையால் போனைத் தடவிக்கொண்டிருந்தபோது ஹெப்சியின் முதல் கட்டுரை கண்ணில் பட்டது. செண்பகாதேவி. தண்ணீர் தெறிக்கிற தூரம். வடிவு பழுப்புக் காகிதத்தில் மடித்து வைத்துவிட்டு வந்த பாசிகள், வடிவு எண்ணியது, வடிவு வரைந்தது. கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்கிற இடத்தில், வனத்துறைக்கும் ஆய்வகப் பணியாளருக்கும் நடுவில், சேகரிப்பில் உதவிய எஸ். சண்முகவடிவு. உதவிய. பிள்ளை பாலை விட்டுவிட்டு வீறிட்டது, ஏன் வீறிட்டது என்று அவளுக்குக் கொஞ்ச நேரம் புரியவில்லை, தான் அதன் தொடையை அவ்வளவு அழுத்திப் பிடித்திருந்தது பிறகுதான் தெரிந்தது. சிவந்து கிடந்த அந்த விரல் தடத்தில் அன்றைக்கு முழுக்க தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். அதையும் சேர்த்துத்தான் ஹெப்சியின் கணக்கில் வடிவு எழுதி வைத்திருக்கிறாள்.

மேலே ஏற ஏற ஓடைச் சத்தம் கூடிக்கொண்டே வந்தது. மரங்களில் சிவப்பு இன்னும் முழுசாக ஏறவில்லை, நுனியில் மட்டும் சூடு போட்ட மாதிரி. காட்டுப்பன்றிக்குத் தீனி போடாதீர்கள் என்ற பலகையைக் காட்டி என்ன எழுதியிருக்கு என்று ஹெப்சி கேட்க, வடிவு சொன்னாள். இந்த ஊரில் அவளுக்குத் தெரிந்ததெல்லாம் பலகைகளைப் படிக்கிறதும் மாமிகளுக்கு மருந்துக்கடையில் வலிநிவாரணி வாங்கிக் கொடுக்கிறதும்தான். ஹெப்சி கல்லூரிக் கதைகளாகச் சொல்லிக்கொண்டே வந்தாள், கான்டீன் இடித்தது, முதல்வர் மாறியது, யாரோ ஒரு கனகமணி வேலையை விட்டது. வடிவு உம் கொட்டினாள். உள்ளே வேறு ஒன்று ஓடியது, நிலானிக்கு இன்றைக்கு நீச்சல் இருந்ததா, துண்டு வைத்தோமா, பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டால் இங்கே சிக்னல் கிடைக்குமா. "சார் தவறுனது தெரியும்ல, போன தை மாசம்" என்றாள் ஹெப்சி. வடிவு நின்றுவிட்டாள். ஆசீர்வாதம் சார் அவர்கள் இருவருக்கும் ஆராய்ச்சி வழிகாட்டி. வெள்ளைச் சட்டைப் பையில் எப்போதும் ஒரு பூதக்கண்ணாடி, பேனாவை விட அதுதான் அதிகம் தேவைப்படும் என்பார். ஈமெயில் பார்க்கத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் மாட்டார். தெரியாது என்றாள் வடிவு. யாரும் சொல்லவில்லை என்றாள். துக்கம் வரவில்லை, பழைய எரிச்சல்தான் மேலே வந்தது. ஆறே மாசத்தில் திரும்பி வந்து முடிக்கிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறினாள், வந்த மாசமே நாள் தள்ளிப்போயிற்று, படுக்கையோடு கிடந்தாள், பதிவை நீட்டிக்க அவர் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், ஒரு போன், ஒரே ஒரு போன். பிள்ளை பிறந்ததும் நாமே கூப்பிடலாம் என்று வைராக்கியமாக இருந்தாள். அதற்குள் மேஜையின் அந்தப் பக்கத்தில் இருந்தவளிடம் ஆராய்ச்சியைத் தூக்கிக் கொடுத்துவிட்டார். அவர் செத்துப்போனதில் எனக்கு என்ன, என்று நினைத்தாள், நினைத்தது கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது, இருந்தாலும் மறுபடி நினைத்தாள்.

"கடைசி வரைக்கும் அவருக்கு உம்மேல வருத்தந்தான்" என்றாள் ஹெப்சி.

வடிவு, அவருக்கா வருத்தம் என்று கேட்டாள். குரல் அவள் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. எதிரே குச்சி ஊன்றி இறங்கிக்கொண்டிருந்த ஒரு ஜப்பானியத் தம்பதி தலை குனிந்து வணக்கம் சொல்லி ஒதுங்கிப் போனார்கள்.

"பின்ன? ரெண்டு மூணு தடவை போன் போட்டாரே. நீ எடுக்கவே இல்லை. உங்க வீட்டுக்காரருதான் எடுத்து, அவளுக்கு இனி இதுல இஷ்டமில்லை சார், வேற யாருக்காவது குடுத்துருங்கன்னு சொன்னாராம். அதுக்கப்புறந்தானே என்னைக் கூப்பிட்டு, நீ செய்யுதியான்னு கேட்டாரு. நான் மாட்டேன்னேன். அட்டைக்குப் பயந்து அழுதேன்."

ஹெப்சி சிரித்தாள். சிரித்துக்கொண்டே வடிவின் முகத்தைப் பார்த்தாள், சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது. உனக்குத் தெரியாதா என்று கேட்டாள். வடிவு தெரியும் என்று சொன்னாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே விளங்கவில்லை. வீட்டு விஷயத்தை வெளியே விடக்கூடாது என்று உள்ளே யாரோ அவசரமாகக் கதவைச் சாத்திய மாதிரி இருந்தது. தெரியும், தெரியும், மறந்துட்டேன், வா, மேலேதான் பெரிய அருவி என்று சொல்லிவிட்டு முன்னால் ஏற ஆரம்பித்தாள்.

ரெண்டு மூணு தடவை. அப்படியென்றால் ரெண்டா, மூணா. எந்தெந்த நாள். அப்போது அவளுக்கென்று போன் கிடையாது, அவன் நம்பர்தான் வீட்டு நம்பர், அதைத்தான் சாருக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். கோபேயில் நாடா என்கிற வட்டாரத்தில் அந்தச் சின்ன வீடு, பாய் விரித்த ஒற்றை அறை, கண்ணாடிக் கதவைத் தள்ளினால் துணி காயப்போடுகிற பால்கனி. அவன் போன் பேசுவதென்றால் பால்கனிக்குப் போவான், உனக்குத் தலைவலிக்கும் என்று கதவை இழுத்து மூடிக்கொள்வான். கண்ணாடிக்குப் பின்னால் அவன் வாய் அசைவதை, தலை ஆட்டுவதைப் படுத்தபடியே பார்த்துக்கொண்டிருப்பாள். அதில் எது சாருடைய போன். ஒரு சாயங்காலம், மழை, அவன் உள்ளே வந்து காலைத் துடைத்தபோது யாருங்க என்று கேட்டாள், ஊர்லருந்து, சும்மா விசாரிச்சாங்க என்றான். அதுவா? ஊரில் யார் என்று ஏன் கேட்கவில்லை. வாந்தி வந்தது, அதனால் கேட்கவில்லை. இன்னொரு நாள், பேங்க்காரன், கார்டு வேணுமான்னு கேக்கான் என்றான், தமிழிலா கேட்டான் பேங்க்காரன்? அன்றைக்குக் கண்ணாடி வழியாக சார் என்று ஒரு சொல் கேட்டதா இல்லையா. கேட்டது. இல்லை, இப்போது கேட்கிறதை அங்கே கொண்டுபோய் வைக்கிறோம். அவன் எல்லாரையும்தானே சார் என்பான், ஆட்டோக்காரரைக்கூட. அந்த வாரம்தான் அவன் தேடி அலைந்து உப்பில் ஊறின பிளம் பழம் வாங்கி வந்தான், நம்ம ஊறுகாய் மாதிரி இருக்கும், நாக்குக்கு வச்சுப் பாரு என்று. கால் வீங்கியிருந்தது, மடியில் எடுத்து வைத்துப் பிடித்துவிட்டான். அவள் அழுதாள், இவ்வளவு நல்லவர் எனக்குக் கிடைத்தாரே என்று அழுதாள், அம்மாவிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள். காலைப் பிடித்துவிட்டது போனுக்கு முன்னாலா பின்னாலா. முன்னால் என்றால் ஒரு மாதிரி. பின்னால் என்றால் வேறு மாதிரி. படி ஏறிக்கொண்டே அவள் அந்த இரண்டையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள், எப்படி வைத்தாலும் அந்தக் கை அதே கைதான், சூடாக, கட்டைவிரல் அழுத்தி.

ஹெப்சி பொய் சொல்லியிருக்கலாம் என்று தோன்றியதும் வடிவுக்கு மூச்சு விட முடிந்தது. ஏன் சொல்லக் கூடாது? எடுத்ததை எடுக்கவில்லை என்று காட்ட, செத்துப்போனவர் தலையில் போட்டு, உயிரோடு இருக்கிறவன் தலையிலும் போட்டு. பின்னால் திரும்பிப் பார்த்தாள். ஹெப்சி இடுப்பில் கை வைத்து நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள், நெற்றியில் வேர்வை, அந்தக் காலத்தில் நெத்திலி மாதிரி இருந்தவள் கன்னம் உப்பி நடுவயது வந்து நின்றாள். பொய் சொல்லத் தெரியாதவள். தேர்வில் பக்கத்துப் பேப்பரைப் பார்த்துவிட்டு, பார்த்துட்டேன் மிஸ் என்று தானே போய்ச் சொன்னவள். அந்த மூச்சும் போயிற்று. ஒன்பது வருஷம். இவளைத் திட்டாமல் ஒரு நாள் பாத்திரம் கழுவியதில்லை. கடை வரிசையில், குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுத் திரும்பும் தெருவில், இவளிடம் பேச வேண்டியதையெல்லாம் பேசிப் பேசி வழவழவென்று ஆக்கி வைத்திருக்கிறாள், எங்கே நிறுத்தி எங்கே குத்த வேண்டும் என்பது வரைக்கும். இன்றைக்கு உச்சியில், ஆண் அருவிப் பக்கம் இருக்கிற டீக்கடையில் வைத்துச் சொல்ல வேண்டும் என்றுதான் வந்தாள். அதையெல்லாம் இப்போது என்ன செய்வது. அப்படியே எடுத்து அவனிடம் சொல்ல முடியுமா. அவனிடம் சொல்வதற்கு ஒரு வாக்கியமும் இல்லை, அவனிடம் இதுவரை தயார் செய்து பேசியதே கிடையாது. சாயங்காலம் அவன் வருவான், சாவியைக் கிண்ணத்தில் போடுவான், நிலானியின் தலையை முகர்ந்து பார்ப்பான், சாம்பாரா என்பான். அதற்குப் பக்கத்தில் இதை எங்கே வைப்பது. பயமாக இருந்தது. உண்மையாக இருந்துவிடுமோ என்று பயம், அதைவிட, உண்மையாக இருந்தும் நாளைக்குக் காலையில் அவனுக்கு டிபன் கட்டிக் கொடுத்துவிடுவோமோ என்று பயம்.

ஆண் அருவி ஒரு வளைவைத் தாண்டியதும் முகத்தில் அடிக்கிற மாதிரி வரும். உயரத்திலிருந்து விழுந்து, ஒரு பாறையில் பட்டு உடைந்து, மறுபடி விழுகிற தண்ணீர். போன வாரத்து மழைக்கு நிறைந்து கொட்டிக்கொண்டிருந்தது. ஹெப்சி, ஆத்தாடி என்று சொல்லிவிட்டுக் கம்பியோரமாகப் போய் நின்றாள். வடிவு போனை எடுத்தாள். யோசித்தால் கூப்பிட மாட்டோம் என்று தெரிந்துதான் யோசிக்காமல் அழுத்தினாள். ஆபீஸ் நேரத்தில் அவள் கூப்பிடுவதில்லை. அவன் உடனே எடுத்து, நிலானிக்கு என்ன என்று பதறினான். நிலானிக்கு ஒன்றுமில்லை என்றாள். ஆசீர்வாதம் சார் ஞாபகம் இருக்கா என்று கேட்டாள். அவனுக்குக் கேட்கவில்லை. அவள் கத்தினாள், கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவனிடம் அவள் கத்தியது அதுதான் முதல் தடவை, கத்தியதும் அவனுக்குக் கேட்கவில்லை. அருவிகிட்ட நிக்கியா, தள்ளி வந்து பேசு என்றான். அவள் சொன்னபடி கேட்டாள். டீக்கடைப் பக்கமாகப் படியேறி, ஒரு மரத்தடியில் சத்தம் கொஞ்சம் அடங்கிய இடத்தில் நின்று முதலிலிருந்து சொன்னாள். என்னுடைய கைடு, பாளையங்கோட்டை, நிலானி வயித்துல இருக்கும்போது உங்க நம்பருக்குப் போன் பண்ணினாரா?

அந்தப் பக்கம் சங்கரலிங்கம் யோசிப்பது தெரிந்தது. பொய் சொல்வதென்றால் முதலில் தொண்டையைச் செருமுவான், அம்மாவிடம் சம்பளத்தைக் குறைத்துச் சொல்லும்போது, லீவு கிடைக்கவில்லை என்னும்போது. அவள் அந்தச் செருமலுக்காகக் காதை அழுத்திக்கொண்டு காத்திருந்தாள். வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வரவில்லை. அவன் உண்மையாகவே தேடிக்கொண்டிருந்தான், சட்டைப்பையில் சில்லறை தேடுகிற மாதிரி.

"ஞாபகம் இல்லையே, வடிவு. பண்ணியிருப்பாரு. அப்ப எத்தனையோ பேரு பண்ணுவாங்க."

"எனக்கு இஷ்டமில்லைன்னு சொன்னீங்களா?"

சொல்லியிருப்பேன் என்றான் அவன், கொஞ்சமும் தயங்காமல். நீ அப்போது இருந்த நிலைமைக்கு வேறு என்ன சொல்ல முடியும், தண்ணீர் குடித்தால்கூட வாந்தி எடுத்துக்கொண்டு கிடந்தாயே, விமானத்தில் போகக்கூடாது என்று டாக்டரே சொல்லவில்லையா, அவர் வேறு போட்டுக் குழப்பினால் நீ அழுவாய், அதனால்தான் சொல்லியிருப்பேன். எல்லாம் உண்மை. ஒரு சொல்கூடத் தப்பில்லை. அவளால் போயிருக்க முடியாது, அந்த வருஷமும் முடியாது, அடுத்த வருஷம் கைக்குழந்தையோடும் முடியாது. அது அவளுக்கு நன்றாகவே தெரியும்.

"முடியாதுன்னாலும் அதை நான்தானே சொல்லியிருக்கணும்" என்றாள்.

 அவன் மெதுவாக, நிஜமாகவே புரியாதவனாக, "நீ சொன்னாலும் அதைத்தானே சொல்லியிருப்பே. ரெண்டும் ஒண்ணுதானே?" என்றான். அவள் பதில் சொல்வதற்குள் அவனை யாரோ ஜப்பானியில் கூப்பிட்டார்கள், அவன், இதோ என்கிற மாதிரி, ஹை, ஹை என்றான். சாயங்காலம் பேசுவோம் என்றான். வைக்கப் போனவன், நல்லவேளை ஞாபகம் வந்தது என்று, ஞாயிற்றுக்கிழமை புனேயிலிருந்து டைரக்டருடைய அப்பா அம்மா வருகிறார்கள், அவர்களையும் அருவிக்குக் கூட்டிக்கொண்டு போய்விடு, அம்மாவுக்கு முழங்கால் வலியாம், மெதுவாகக் கூட்டிப்போ, உனக்குத்தான் பழக்கமாச்சே என்று சொல்லிவிட்டு வைத்தான்.

போன் காதிலேயே இருந்தது. டீக்கடைக்காரர் வாசலில் நின்று, உட்காருங்கள் என்று கையைக் காட்டினார், அவளை அவருக்குத் தெரியும், ஆட்களைக் கூட்டிவருகிற இந்தியப் பெண். ஒன்பது வருஷத்தில் அந்த ஒரு நிமிஷப் பேச்சு அவனுக்கு ஞாபகத்தில் தங்கவில்லை. வஞ்சகம் என்றால் தங்கியிருக்கும். மறைத்திருந்தால், கண்ணாடிக்குப் பின்னால் பயந்து பயந்து பேசியிருந்தால், இத்தனை வருஷம் தெரிந்துவிடுமோ என்று தவித்திருந்தால், அவளும் அவனோடு சண்டை போட்டிருக்கலாம், அவளுக்கு அதில் ஒரு மதிப்பு இருந்திருக்கும். தவறான நம்பர், கார்டு விற்கிறவன், அவள் ஆராய்ச்சி, எல்லாம் ஒரே மாதிரி, மழைச் சாயங்காலத்தில் வந்து போன தொந்தரவுகள். துணி நனையாமல் எடுத்து உள்ளே போட்டதை எவன் ஞாபகம் வைத்திருப்பான்.

ஹெப்சி படியேறி வந்து பக்கத்தில் நின்றாள். முகமெல்லாம் நீர்த்துளி. என்ன சொன்னாரு என்றாள். தெரியும் என்று வடிவு சொன்னதை அவள் நம்பவே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. ஞாபகம் இல்லையாம் என்றாள் வடிவு. ஹெப்சி தலையசைத்தாள். "நான் அப்பவே உனக்கு எழுதியிருக்கணும். நீ வேண்டாம்னு விட்டதை எடுத்துக்கிட்டு உன்கிட்ட எப்படிப் பேசுறதுன்னு கூச்சமா இருந்தது" என்றாள். வடிவு அவளைப் பார்த்தாள். இவள்மேல் குற்றமில்லை என்று இப்போது சந்தேகமில்லாமல் தெரிந்தது. தெரிந்தும் வெறுப்பு அசையவில்லை. ஊறிப்போன வெறுப்பு, நாள்தவறாமல் தேய்த்து வளர்த்த வெறுப்பு, உண்மை தெரிந்துவிட்டது என்று அது எழுந்து வேறு வீட்டுக்கா போய்விடும்? இந்த உப்பின கன்னத்தையும் கழுத்தில் தொங்கும் அட்டையையும் அவளுக்கு இன்னமும் பிடிக்கவில்லை. பார்க்கப்போனால் முன்னைவிட அதிகமாகவே பிடிக்கவில்லை, திட்டுவதற்குக்கூட இனிமேல் இவள் உதவமாட்டாள்.

நாளைக்கு மாநாட்டுக்கு வா என்றாள் ஹெப்சி. இங்கே பாசிகளைப் பார்க்கிற ஒரு அம்மா இருக்கிறார், வயதானவர், ஆராய்ச்சிக்கூடத்தில் ஆள் இல்லை என்று நேற்றுக்கூடச் சொன்னார், அறிமுகப்படுத்துகிறேன், வீட்டிலிருந்து பக்கம்தானே, நிலானி பள்ளிக்கூடம் போன நேரத்துக்கு வந்துபோகலாம். ஹெப்சி வேகமாகச் சொல்லிக்கொண்டே போனாள், எதையோ ஈடுகட்டுகிறவள் மாதிரி. வடிவு கேட்டுக்கொண்டிருந்தாள். போகலாம் என்று உள்ளே ஏதோ சட்டென்று எழுந்து நின்றதை அவளால் தடுக்க முடியவில்லை, அதன்மேலும் கோபம் வந்தது.

"வாரேன். நீ என்னை யாருன்னு சொல்லி அறிமுகப்படுத்துவே?"

ஹெப்சி வாயைத் திறந்தாள். கூடப் படித்தவள் என்று சொல்லப்போனாளோ, சேகரிப்பில் உதவியவள் என்று சொல்லப்போனாளோ, தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டாவில் துடைத்தாள், துடைத்தது போதாதென்று மறுபடி துடைத்தாள்.

"நீயே சொல்லிக்கோ" என்றாள் கடைசியில்.

அவர்கள் இறங்க ஆரம்பித்தார்கள். ஹெப்சி முன்னால், பக்கவாட்டுக் கம்பியைப் பிடித்தபடி. வடிவு பின்னால். இந்த ஊரில் அவள் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வது இரண்டே வாக்கியம். பள்ளிக்கூட வாசலில், நான் நிலானியின் அம்மா. ஆபீஸ் விருந்தில், நான் சங்கர் அவர்களின் மனைவி. இரண்டையும் பிசகில்லாமல் ஜப்பானியில் சொல்வாள், உச்சரிப்பு நன்றாக இருக்கிறது என்று பாராட்டுவார்கள். வதாஷி வா என்று உதட்டுக்குள் ஆரம்பித்துப் பார்த்தாள். நான். அதற்குமேல் ஒரு சொல் தேவைப்பட்டது. படி இறங்க இறங்க ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள், எதுவும் நிற்கவில்லை. நீயே சொல்லிக்கோ. இந்த ஒன்பது வருஷத்தில் அப்பாவோ அம்மாவோ, கால் பிடித்துவிட்ட அவனோ, அருவி காட்டப்பட்ட அத்தனை பேரில் ஒருவரோ, யாரும் அவளிடம் சொல்லாத ஒன்றை, இவள், இவள்தான் வந்து சொல்ல வேண்டியிருந்தது. அதுதான் வடிவுக்குப் பொறுக்கவில்லை. முன்னால் இறங்கிக்கொண்டிருந்த அந்த அகலமான முதுகைப் பார்த்துக்கொண்டே, பார்வையை எடுக்காமல், நான், நான் என்று ஒவ்வொரு படியிலும் சொல்லிக்கொண்டு இறங்கினாள்.